அறுபது இலக்கம்

பன்னிரண்டு கட்டு. கட்டுக்கு ஐந்து.
பம்பலப்பிட்டி ஸ்டேஷனில்
பாணந்துறைக் கோச்சி பிந்திய ஒரு மாலை
இரண்டு போனையும் மடியில் அருகருகே வைத்து
நீ வாசித்தாய், நான் விரல் வைத்துச் சரிபார்த்தேன்.
உப்புக்காற்று திரையில் படிந்து
மூன்று எட்டாகத் தெரிய
முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டு
"இல்ல, மூன்று" என்றாய்.
வடைக்காரன் நின்று பார்த்தான்.
லொத்தர் இலக்கம் என்று நினைத்திருப்பான்.

அறுபதும் பொருந்தியது. இனி
உனக்கும் எனக்கும் நடுவே ஒருவரும் இல்லை என்று
கணிதம் கையெழுத்திட்டது.
நீ அனுப்பிய முதல் இரகசியம்:
"இறால் வடை ஆறிப்போச்சு"
அதை உடைக்கிறவன்
சூரியன் அணையும் மட்டும் காத்திருக்க வேணும் என்று
கணக்குப் போட்டுச் சிரித்தோம்.

*

பூட்டு ஏன் என்று கேட்பார்கள்.

ஐந்து வயதில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில்,
பொலிஸ் படிவத்தின் நாலாம் வரியில்
நான் முதன்முதலாக எழுதப்பட்டேன்.
பெயர். பிறந்த இடம். வந்த காரணம்.
அப்பா "கண் வைத்தியம்" என்று எழுதினார்.
என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.
இரவில் கதவு தட்டப்பட்டால்
வலக்கண் என்று சொல்ல வேணும்,
எத்தனை தரம் கேட்டாலும் வலக்கண்.
கடவுச்சொல் என்றால் என்னவென்று
பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ருஷ்தா, உனக்கு வேறு காரணம்.
தெமட்டகொடை வீட்டைச் சோதித்தவர்கள்
உன் கெமிஸ்ட்ரிக் கொப்பியைக் கொண்டுபோனார்கள்.
அந்தச் சமன்பாடுகளை
எப்படி வாசித்தார்களோ. திரும்பி வரவில்லை.
இதையெல்லாம் நாங்கள் அதிகம் பேசியதில்லை.
சனிக்கிழமைகளில் கட்டுநாயக்காவில்
தையல் தொழிற்சாலைப் பெண்களுக்குப்
போனைப் பூட்டச் சொல்லிக்கொடுத்தோம்,
அவ்வளவுதான்.

*

செவ்வாய்க்கிழமை உன்னைக் கூப்பிட்டார்கள்.
வியாழன் நீ வந்தாய்.
வெள்ளி உன் போன் வந்தது,
பொலித்தீன் பையில், மேலே ஒரு இலக்கம் ஒட்டி.
விசாரித்தவர் நல்ல தமிழ் பேசினாராம்,
பிளேன்டீ தந்தாராம். உன் தம்பி சொன்னான்.
நீ சொல்லவில்லை.

என் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி:
ருஷ்தாவுடனான உங்கள் பாதுகாப்பு எண் மாறிவிட்டது.
கணிதம் கத்துவதில்லை.
அதற்குக் கீழே நீ:
"நான்தான். பயப்படாதே."

நீ முற்றுப்புள்ளி வைப்பதில்லை.
ஐந்து வருடத்தில் ஒன்றுகூட.

அன்றிரவு நான் உன்னை வாசித்தேன்.
எத்தனை மணிவரை விழித்திருப்பாய்,
எந்தச் சொல்லை எங்கே முறிப்பாய்,
சிரிப்புக்கு எத்தனை ஹ.
பழைய உன்னையும் புதிய உன்னையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து.
மூன்று மணியளவில்தான் உறைத்தது:
இந்த வேலைக்கு எங்கேயோ ஒருவனுக்கு
மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள்.
நான் சும்மா செய்கிறேன்.

*

மறுபடியும் பம்பலப்பிட்டி.
நீ மெலிந்திருந்தாய். நான் கேட்கவில்லை.
புதிய அறுபது.
நீ வாசிக்க நான் விரல் வைத்தேன்.
காற்று இல்லை. திரை பளிங்கு.
ஒன்பதாம் கட்டில், நடுவில்,
பளிச்சென்று நின்ற ஒரு மூன்றைப் பார்த்து
"எட்டு" என்றாய்.
நிமிர்ந்தாய்.

அலை ஒன்று கல்லில் மோதி இறங்கியது.

"சரி" என்றேன்.
மீதியையும் சத்தமாகவே வாசித்து முடித்தோம்,
கேட்டுக்கொண்டிருப்பவர் பாவம், ஏமாறக்கூடாது.
பிறகு நீ எனக்கு எழுதினாய், நான் உனக்கு.
"வடை நல்ல சூடு."
"ஓம். நல்ல சூடு."
புள்ளி வைத்து.

வடை ஆறிப்போயிருந்தது.
கோச்சி வரும் மட்டும்
பேசாமல் தின்றோம்.